பழைய கோல்ப் பைக்கு என்ன விலை? பெட்டாலிங் ஜெயா சந்தைக்கு ஒரு நடை

பெட்டாலிங் ஜெயா என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? ஆஸ்பத்திரி நினைவு வரும். பிள்ளைகள் படிக்கப் போன கல்லூரி நினைவு வரும். வேலைக்கு மனுப் போட்டு, பதிலுக்குக் காத்திருந்த தொழிற்சாலை வாசல் நினைவு வரும். ஆனால் சனி, ஞாயிறுகளில் அங்கே ஒரு பழைய சாமான் சந்தை கூடுகிறதே, அது எத்தனை பேருக்கு நினைவு வரும்?

இந்த முறை உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். பை நிறையப் பணம் வேண்டாம். நல்ல கண்ணும், கொஞ்சம் கணக்கும், நிறையப் பொறுமையும் இருந்தால் போதும். அப்படியே உங்கள் வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்கிறதே ஒரு கோல்ப் பை, அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

"கோல்ப் பையா? நம் வீட்டிலா?" என்று சிரிக்காதீர்கள். தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பை உண்டு. அப்பா கிளப்பில் கேடி வேலை பார்த்திருப்பார். மாமா பங்களாவில் சமையல் பார்த்திருப்பார். தாத்தா துரையின் காரை ஓட்டியிருப்பார். துரை மாற்றலாகிப் போகும்போது, "இதை நீ வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அன்றிலிருந்து அந்த மட்டைகள் மாங்காய் அடிக்கவும், பாம்பு விரட்டவும், கதவு அடைக்காமல் முட்டுக் கொடுக்கவும் பயன்பட்டு வருகின்றன. ஒருநாள் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லாரி வரும். லாரிக்காரர் மூலையை எட்டிப் பார்ப்பார். "இருபது வெள்ளி தருகிறேன்" என்பார். கொடுக்கலாமா, கூடாதா?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

தோட்டம் இருந்த இடத்தில் ஒரு பட்டணம்

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கம் இருப்பவர்களும், சிரம்பான் பக்கம் இருப்பவர்களும் கொமுட்டர் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கிருந்து புத்ரா ஹைட்ஸ் நோக்கிப் போகும் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி.யில் ஏறுங்கள். பங்சார், அப்துல்லா ஹூக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஐந்தாவது நிலையம் தாமான் ஜெயா. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அம்கோர்ப் மால் என்ற கட்டடம் இருக்கிறது. சந்தை அதற்குள்ளேதான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பெரியவர்களை அழைத்து வருவதற்கும் சிரமம் இல்லை.

ரயில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வாருங்கள். உயர்ந்த கட்டடங்கள், சாலைகள், பள்ளிவாசல், கோயில், தேவாலயம், வரிசை வரிசையாக வீடுகள். இந்த ஊர் இருந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? பால்மரம்! எஃபிங்ஹாம் எஸ்டேட் என்று ஒரு ரப்பர்த் தோட்டம். சுமார் 1,200 ஏக்கர். கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை என்று 1950களின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்தை அழித்துத்தான் இந்தத் துணைநகரத்தை எழுப்பினார்கள். ஆகவே இந்த ஊரில் நடக்கும்போது நமக்குப் புதிய இடத்தில் நடக்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம். நம்மவர்கள் விடியற்காலையில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு நடந்த மண்தான் இது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு விசேஷம், சுற்றிலும் கோல்ப் மைதானங்கள். சுபாங் பக்கம் ஒன்று, சவுஜானாவில் ஒன்று, ஷா ஆலம் கிளென்மரியில் ஒன்று, புக்கிட் ஜாலிலில் ஒன்று. இவற்றில் சவுஜானா மைதானம் செம்பனைக் காட்டுக்குள் வெட்டி அமைத்தது. கிளென்மரி என்பதே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்த புக்கிட் ஜாலிலும் தோட்டமாக இருந்த வட்டாரந்தான். இதைவிடப் பழையது கோலாலம்பூரில் உள்ள ராயல் சிலாங்கூர் கோல்ப் கிளப். அது 1893இல் தொடங்கியது. இப்போது இருக்கும் இடத்துக்கு 1921இல் வந்து சேர்ந்தது.

இத்தனை மைதானங்கள் இருந்தால் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். ஆட்டக்காரர்கள் இருந்தால் புதிது வாங்குவார்கள், பழையதைத் தள்ளுவார்கள். சிலர் வயதாகி ஆட்டத்தை விடுவார்கள். சிலர் காலமாவார்கள், பிள்ளைகள் வீட்டை ஒழிப்பார்கள். அப்படித் தள்ளியதும் ஒழித்ததும் பழைய சாமான் சந்தைக்கு வந்து சேர்கின்றன. பழைய இசைத்தட்டு, கடிகாரம், நாணயம், பொம்மைக் கார், பீங்கான் தட்டு ஆகியவற்றுக்கு நடுவே மட்டைகளும் சாய்ந்து நிற்கும்.

பந்துக்குள் நம் மரம்

மேசைகளைச் சுற்றுமுன் ஒரு சிறு கதை. கோல்ப் வெள்ளைக்காரன் ஆட்டம், நமக்கும் அதற்கும் என்ன என்று நினைக்காதீர்கள்.

ஆதியில் ஸ்காட்லாந்தில் அந்தப் பந்தைத் தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்தார்கள். மழையில் நனைந்தால் ஊறிவிடும். விலையும் அதிகம். பிறகு 1848 வாக்கில் வேறொரு பந்து வந்தது. அது கட்டாபெர்ச்சா என்னும் கெட்டிப்பால் பந்து. அந்தப் பால் எங்கிருந்து போனது? மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலும், சுமத்ரா, போர்னியோக் காடுகளிலும் வளர்ந்த மரங்களிலிருந்து, சிங்கப்பூர் துறைமுகம் வழியாகப் போனது. பணக்காரர்கள் மட்டும் ஆடிய ஆட்டத்தை மலிவாக்கியது அந்த மரம்.

அடுத்து 1898இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்தார். அடித்தால் முன்னைவிட வெகுதூரம் பறந்தது. அந்த நேரத்தில்தான் மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் தலையெடுத்துக் கொண்டிருந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் உலகத்துக்கே ரப்பர் அனுப்பும் நாடாக மலாயா ஆனது. அந்தப் பாலை வெட்டி எடுத்தது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்து அப்படி. ஆட்டமோ? பை தூக்கிப் பழகி, ஓய்வு நேரத்தில் கிடைத்த மட்டையால் அடித்துப் பார்த்த பிள்ளைகள் நம்மில் ஏராளம். மலேசியாவின் தொழில்முறைக் கோல்ப் ஆட்டக்காரர்கள் வரிசையில் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற பெயர்கள் இருக்கின்றன. ஆகவே மேசைமேல் கிடக்கும் மட்டையைத் தயங்காமல் கையில் எடுத்துப் பாருங்கள்.

மட்டைக்கு வயது பார்ப்பது எப்படி?

மாட்டுக்குப் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். மட்டைக்குத் தலையையும் தண்டையும் பார்க்க வேண்டும்.

தண்டு மரமாக இருந்தால் அது மிகப் பழையது. பிரிட்டனில் ஆட்ட விதிகளை வகுத்தவர்கள் 1929இல்தான் இரும்புத் தண்டை அனுமதித்தார்கள். அதற்கு முன் எல்லாம் ஹிக்கரி என்னும் மரத்தண்டு. இப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அவசரப்படாதீர்கள். மரத்தண்டு மட்டை எல்லாமே புதையல் அல்ல. லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். ஆனால் யார் செய்தது என்ற முத்திரை தெளிவாக இருந்தால், சேகரிப்பவர்கள் ஆடுபவர்களைவிட அதிகம் கொடுப்பார்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய நிறம் போனால் விலையும் போகும்.

தண்டு இரும்பு, தலை மட்டும் மரம் என்றால், அது நம் துரைமார் காலத்து உருப்படி. பெர்சிமன் என்னும் கெட்டி மரத்தில் கடைந்தது. பார்க்க அழகு, ஆனால் ஆடுவோர் இன்று தேடுவதில்லை. காரணம், 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் இரும்புத் தலை வைத்த மட்டையைக் கொண்டு வந்தது. 1991இல் காலவே நிறுவனம் 'பிக் பெர்த்தா' என்று பெரிய தலையுள்ள மட்டையை விற்றது. அதற்குப் பிறகு தலை பெருத்துக்கொண்டே போய், 2004இல் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதியே போட வேண்டியதாயிற்று. ஆகவே கைமுட்டி அளவு மரத்தலையை வைத்துக்கொண்டு பெரிய பணம் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுச் சுவரில் அழகாக மாட்ட விரும்புகிறவர் வாங்கினால்தான் உண்டு.

தலையும் உலோகம், தண்டு கறுப்பாக, இலேசாக இருக்கிறதா? அது கிராபைட். காலத்தால் பிந்தியது. பெருந்தலை டிரைவர் மட்டைகளில் இதைத்தான் காண்பீர்கள். இந்த டிரைவர்தான் மற்ற எல்லா மட்டைகளையும்விட வேகமாக விலை இறங்குவது. கம்பெனிகள் ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை புதிய மாடல் விடுகின்றன. புதியது வந்ததும் பழையதைச் சீந்துவாரில்லை. வாங்கிய விலையைச் சொல்லி மூக்கால் அழுவதில் பயனில்லை.

இதற்கு நேர்மாறு பட்டர். தின்னும் பட்டர் அல்ல. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் சின்ன மட்டை. இதை ஓங்கி அடிப்பதில்லை. அதனால் அவ்வளவாகத் தேயாது. கைக்குப் பழகிவிட்டால் ஆட்டக்காரர்கள் இருபது வருஷமானாலும் விடமாட்டார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர் 1966இல் 'பிங் ஆன்சர்' என்று ஒரு பட்டர் உருவாக்கினார். அதன் தொடக்க காலத்து உருப்படிகளில் 'ஸ்காட்ஸ்டேல்' என்ற ஊர்ப்பெயர் பொறித்திருக்கும். அதைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆகவே பையோடு பையாகப் பட்டரைத் தள்ளிவிடாதீர்கள். தனியாக எடுத்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பையில் உள்ள மற்ற அத்தனையையும்விட அது ஒன்றே அதிகம் போகலாம்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

இனி ஒவ்வொரு மட்டையாகப் பாருங்கள். பாலில் கலப்படம் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பாருங்கள்.

முதலில் முகம். பந்து படும் இடத்தில் குறுக்கே பள்ளக் கோடுகள் இருக்கும். நகத்தை வைத்து இழுங்கள். நகம் மாட்டினால் நல்லது. வழுக்கிக்கொண்டு போனால் கோடு தேய்ந்துவிட்டது. மணலில் இருந்து பந்தை எடுக்கும் வெட்ஜ் மட்டையில் இந்தக் கோடுதான் உயிர். அது போனால் விலையும் போயிற்று.

இரண்டாவது தண்டு. வெயிலில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். மேலாக ஒட்டிய துரு துடைத்தால் போகும். விரல் நுனிக்குச் சொரசொரவென்று குழி தட்டினால் அது உள்ளே தின்ற துரு. ஓங்கி அடிக்கும்போது ஒடிந்தாலும் ஒடியும். நம் நாட்டு ஈரத்துக்கு இது அடிக்கடி வரும் நோய்.

மூன்றாவது கழுத்து. தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். தலையைப் பிடித்து இலேசாகத் திருகுங்கள். அசைந்தால் பசை விட்டுவிட்டது. பெருந்தலை டிரைவரைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் ஏதோ உடைந்து கிடக்கிறது. மேல்பக்கம் முடி போல ஒரு கீறல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்; வண்ணக் கீறலா வெடிப்பா என்று நகத்தால் தடவினால் தெரிந்துவிடும்.

நான்காவது பிடி. ரப்பர் அல்லவா, நம்மிடமே விஷயம் சொல்ல வேண்டுமா? நாளானால் காய்ந்து, கெட்டித்து, கண்ணாடி போல வழுக்கும். அல்லது பொருக்கு விடும். பிடியை மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு ஒவ்வொன்றுக்கும் காசு.

ஐந்தாவது, ஜோடி. இரும்பு மட்டைகள் எண்ணிட்டு வரும்: 4, 5, 6, 7, 8, 9, அப்புறம் வெட்ஜ். வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நடுவில் 7ஆம் எண் காணோமா? ஒன்றுதானே போயிற்று என்று நினைக்காதீர்கள். அதே ஜோடியில் அதே எண் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. விலை பாதியாகக்கூட இறங்கும். பிங் கம்பெனி மட்டைகளில் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரே தொடர் எண் பொறித்திருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்கிற குடும்பம். ஒன்று மாறினால் அது வெளியிலிருந்து வந்தது.

இன்னும் ஒன்று. இடக்கை மட்டையா என்று பாருங்கள். வாங்குகிறவர்கள் குறைவு. விற்க நாளாகும். அதற்காக இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை; தேடி வருகிறவருக்கும் கிடைப்பது அரிது அல்லவா?

வாருங்கள், கணக்குப் போடுவோம்

இப்போதுதான் முக்கியமான இடம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் மட்டைக்கு நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் பெயர் பெற்ற கம்பெனியின் இரும்பு மட்டைகள் எட்டு இருக்கின்றன. எண் எதுவும் குறையவில்லை. வயது பதினைந்து இருபது வருஷம். முதல் வேலை, வீட்டுப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, முடா, காரூசல் போன்ற இடங்களில் அதே பெயர், அதே மாடல் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 400 வெள்ளி முதல் 700 வெள்ளி வரை ஐந்தாறு பேர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 700ஐப் பார்த்து மயங்காதீர்கள்! அது கேட்கிற விலை. கிடைத்த விலை அல்ல. பல மாதமாக அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். நடுவில் உள்ள 500ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசி முடிந்தால் 420 என்று வைப்போம்.

இப்போது கழித்தல். பிடி எட்டும் காய்ந்துவிட்டது. ஒன்றுக்கு 20 வெள்ளி என்றால் 160. மீதி 260. ஒரு தண்டில் துரு தின்றிருக்கிறது. அதற்கு 40 கழியுங்கள். மீதி 220. நேராக ஆடுகிறவரிடமே விற்றால் நீங்கள் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இந்த 220 வெள்ளி.

வியாபாரியிடம் விற்றால்? அவர் மேசை வாடகை கட்டுகிறார். வாங்கியதை நாலு வாரம், பத்து வாரம் வைத்துக் காத்திருக்கிறார். அவரும் பிழைக்க வேண்டும். பாதி விலை கொடுத்தால் குறை சொல்ல முடியாது. அது 110.

சரி, லாரிக்காரர்? அவர் எடைக்கு எடுக்கிறார். ஓர் இரும்பு மட்டை ஏறக்குறைய 420 கிராம் இருக்கும். எட்டுக்கும் சேர்த்து மூன்றரைக் கிலோவுக்குள். கிலோ ஒரு வெள்ளி என்று வைத்தாலும் மூன்றரை வெள்ளிதான் வரும். அப்படியிருக்க அவர் 20 வெள்ளி தருகிறேன் என்றபோது, "அடடா, நல்ல மனுஷன்" என்று நமக்குத் தோன்றுகிறது. இரும்புக்கு அவர் கொடுத்தது அதிகம்தான். ஆனால் நீங்கள் விற்றது இரும்பையா, மட்டையையா? அதுதான் கேள்வி.

ஆக, மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல் விலை 220. கீழ் விலை 110. எடை விலை மூன்றரை. இந்த மூன்றும் கையில் இருந்தால் எவர் வந்து எதைச் சொன்னாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

இன்னொரு விஷயமும் கணக்கில் சேர வேண்டும். ஜப்பானிலிருந்து பழைய மட்டைகள் கண்டெய்னர் கண்டெய்னராக நம் நாட்டுக்கு வருகின்றன. அங்கே பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆகவே சுத்தமான மட்டையே மலிவாகக் கிடைக்கும்போது, துருப்பிடித்ததை யார் எடுப்பார்? நம் பையின் விலை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வியாபாரி குறைத்துக் கேட்டால் எப்போதும் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் குறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். காரணம் சொன்னால் நீங்கள் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப் பாருங்கள்.

விற்குமுன் செய்ய வேண்டியதும் கூடாததும்

விற்பதற்காகப் புதுப் பிடி போடாதீர்கள். போட்ட காசு முழுதும் திரும்பி வருவது அரிது. வாங்குகிறவர் தன் கைக்கு ஏற்றதைத் தானே போட்டுக்கொள்வார்.

ஆனால் சுத்தம் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய பல்துலக்கி. கோடுகளில் உறைந்த மண்ணை எடுத்து, துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். மணல்காகிதம் தொடாதீர்கள். மேலே பூசிய குரோமியம் உரிந்தால் அடுத்த மழைக்கே துரு ஏறும். மரத்தலையைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஊதி வெடித்துவிடும்.

இன்னும் முக்கியம், அந்தப் பை எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரின் பின்பெட்டியிலிருந்து திருடிய மட்டைகளும் சந்தைகளில் சுற்றுவது உண்டு. "எங்கிருந்து கிடைத்தது?" என்று வியாபாரி கேட்டால் கோபப்படாதீர்கள். "இந்த வருஷம் இந்தத் தோட்டத்தில் இன்ன துரை எங்கள் தகப்பனாருக்குக் கொடுத்தது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அன்று எடுத்த படமோ, கடிதமோ இருந்தால் இன்னும் நல்லது. பழமையானதாக இருந்தால் அந்தக் கதையே விலையைக் கூட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

விற்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமா? பிள்ளைக்கு ஆசை வந்து, ஒரு பழைய செட்டாவது வாங்கிக் கொடுப்போம் என்று வரும் பெற்றோரும் இருக்கிறார்களே.

விதிப்படி ஒருவர் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்து ஆடக்கூடாது. அதனால் 14ம் வேண்டும் என்று அர்த்தமில்லை. பழகும் பிள்ளைக்கு ஐந்தாறு போதும். பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுக்காதீர்கள். நீளம்தான் குறையும், பாரமும் விறைப்பும் குறையாது. பிள்ளை தவறாக அடித்துப் பழகும், இடுப்பும் வலிக்கும். சிறுவர்களுக்கென்று செய்த பழைய மட்டைகள் மலிவாகவே கிடைக்கும். மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள் அல்லவா!

போலிக்கும் பயப்பட வேண்டும். பெயர் பெற்ற கம்பெனியின் டிரைவர், டைட்டேனியம் என்று எழுதியிருக்கும். விலையோ அடிமாட்டு விலை. அப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து முகத்தில் வையுங்கள். டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது. 'டக்'கென்று ஒட்டிக்கொண்டால் அது வெறும் இரும்பு. எழுத்துகளில் வண்ணம் வழிந்திருந்தாலும், எழுத்து கோணலாக இருந்தாலும் ஐயப்படுங்கள். காந்தம் ஒட்டாததாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். அது முதல் சோதனை மட்டுமே.

பேரம் பேசும்போது சத்தம் வேண்டாம். "அண்ணே, பிடி காய்ந்திருக்கு, இந்தத் தண்டு குழி விழுந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று குறையைக் கையால் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்று தெரிந்தால் அவரும் நியாயமாக இறங்கி வருவார்.

யாருடைய கணக்கு?

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் குடும்பங்களில் மட்டை தூக்கிய கைகள் உண்டு. எந்தக் காற்றுக்கு எந்த எண் மட்டை, எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் உருளும், எந்தத் துரைக்கு எது கைகொடுக்கும் என்று தலைக்குள் வைத்திருந்தவர்கள் அவர்கள். தூக்கிய பையின் விலை தங்களின் பல மாதச் சம்பளம் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. பிறகு அதே பை வீட்டுக்கு வந்தபோது, "நமக்கு எதற்கு இது" என்று மூலையில் சாய்த்து வைத்தார்கள். அந்த ஒரு சொல்லால்தான் லாரிக்காரரின் இருபது வெள்ளி பெரிதாகத் தெரிகிறது.

எனவே விற்கும் முன் வீட்டுப் பெரியவரை உட்கார வையுங்கள். பையை அவர் முன் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேளுங்கள். எந்த மட்டை நல்லது, எது சுமார் என்று உங்களுக்கு நான் சொன்னதைவிட நன்றாக அவர் சொல்லக்கூடும். அவர் சொன்னதையும், மேலே போட்ட மூன்று எண்களையும் ஒரே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை என்றால் அதை எடுத்து ஒதுக்கி வைத்துவிடுங்கள். 220 வெள்ளியில் ஒரு மட்டைக்கு 27, 28 வெள்ளிதான் வருகிறது. அந்தப் பணத்துக்காக அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம். முழு செட்டும் சேர்ந்தால்தான் விலை என்றால், செட்டை விற்றுவிட்டு மரத்தலை மட்டையை அவருக்கு வைத்துவிடுங்கள். சந்தையில் அதற்கு விலை இல்லை; அவருக்கு உண்டு.

மீதியைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ தாமான் ஜெயாவில் இறங்குங்கள். முதல் மேசையிலேயே கொடுத்துவிடாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பேரிடம் கேட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். காகிதத்தில் எழுதிய கீழ் விலைக்கும் குறைவாக எல்லோரும் கேட்டால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுங்கள். எட்டு மட்டை மூன்றரைக் கிலோதான். அதைவிடப் பாரமான பைகளைப் பதினெட்டுக் குழிக்கும் தூக்கி நடந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நீங்கள்.